பிறவிக் குணமா, பழக்கமா? புலிக்குளம் காளை சொல்லும் பதில்

தை மூன்றாம் நாள், காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையிலுள்ள சிராவயல் பொட்டலில் மஞ்சுவிரட்டு நடக்கும். தொழுவிலிருந்து காளைகள் ஒவ்வொன்றாகப் பாய்ந்து வரும். வெட்டவெளியில் கட்டு மாடுகளும் அவிழ்த்து விடப்படும். சில காளைகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடும். சில மட்டும் நடுப்பொட்டலில் நின்று, சுற்றிச் சுழன்று, திமிலில் கை வைக்க விடாமல் விளையாட்டுக் காட்டும். அப்படியொரு காளையைக் கண்டதும் சிவகங்கைச் சீமையில் ஒரு வாதம் கிளம்பும். "இது ரத்தத்துலயே இருக்கு" என்பார் ஒருவர். "எல்லாம் வளர்த்தவன் பழக்குன பழக்கம்" என்பார் இன்னொருவர். கால்நடை அறிவியலைக் கொண்டு பார்த்தால் இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது.

முதலில் ரத்தத்தைப் பார்ப்போம். மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன புலிக்குளம் மாடு, சிவகங்கை மாவட்டத்து ஊரொன்றின் பெயரைத் தாங்கி நிற்கும் நாட்டு இனம். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் இதைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. மானாமதுரையில் இந்த இனத்துக்கென்றே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. காளை சாம்பல் நிறம். கழுத்தும் திமிலும் கருத்திருக்கும். கொம்பு நுனி கூர்மையானது. காங்கேயம் காளையைவிட உடம்பு சிறியது. அதனால்தான் நின்ற இடத்திலேயே சட்டென்று திரும்ப முடிகிறது.

கண்ணும் இதற்குத் துணை. மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலே சுமார் 330 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்கும். பக்கவாட்டில் திமிலை நோக்கி வருகிறவரைக் காளை முன்கூட்டியே கண்டுகொள்வது இப்படித்தான். நேர் பின்புறம்தான் அதற்குத் தெரியாத முக்கிய இடம்.

குணமும் ஓரளவுக்குப் பரம்பரையாக வருவதே. மிரளும் தன்மை, சீறும் தன்மை ஆகியவற்றில் ஒரு பங்கு தாய் தந்தை வழியாகக் கன்றுக்கு வருவதைப் பல மாட்டு இனங்களில் ஆய்ந்து கண்டிருக்கிறார்கள். நம்மூரில் மாடு வாங்கப் போனால் முதலில் சுழி பார்ப்பார்கள். அமெரிக்கக் கால்நடை அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின் குழுவினரும் 1995-இல் சுழியை ஆராய்ந்தார்கள். நெற்றிச் சுழி கண்களுக்கு மேலே அமைந்த மாடுகள், அடைத்துப் பிடிக்கும்போது மற்றவற்றைவிட அதிகம் திமிறின. கருவில் தோலும் மூளையும் ஒரே அடுக்கிலிருந்து உருவாவதை இதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். நம் சுழி சாத்திரம் பெரும்பாலும் ராசி பார்ப்பது. இந்த ஆய்வு அதை மெய்ப்பிக்கவில்லை. ஆனால் நெற்றிச் சுழிக்கும் குணத்துக்கும் தொடர்பு உண்டு என்று காட்டுகிறது.

அப்படியானால் பிறவிதான் எல்லாமா? இல்லை. புலிக்குளம் மாடு கிடை மாடு. மந்தையை வீட்டுத் தொழுவத்தில் கட்டிப் போட்டு வளர்ப்பதில்லை. அறுவடை முடிந்த வயல்களில் இரவில் கிடை அமர்த்துவார்கள். சாணமும் கோமியமும் நிலத்துக்கு உரம். பகலெல்லாம் மேய்ச்சல். இப்படி மந்தையோடு திரியும் கன்றுக்குக் கிடைக்காரரைத் தவிர வேறு மனித வாடை பழக்கமில்லை. அந்நியர் நெருங்கினால் மாடு விலகியோடும் அல்லது எதிர்த்து நிற்கும் தூரம் ஒன்று உண்டு. மனிதரோடு பழகப் பழக அது சுருங்கும். பழகாத மாட்டுக்கு விரிந்தே இருக்கும். ஆகவே, பிறவிச் சீற்றம் என்று நாம் மெச்சுவதில் ஒரு பங்கு கிடை வாழ்க்கை கற்றுக் கொடுத்தது.

அதற்குமேல், கிடையிலிருந்து வீட்டுக்கு வந்த காளைமீது பழக்குகிறவர் கை வருகிறது. கண்மாயில் நீச்சல் விடுவார்கள். தண்ணீர் நான்கு கால்களையும் எதிர்த்துத் தள்ளுவதால் மூட்டு நோகாமல் மூச்சும் தசையும் வலுக்கும். மண்மேட்டில் குத்த விடுவார்கள். காளை தலையைத் தாழ்த்தி, கொம்பால் மண்ணைக் கிளறி இருபுறமும் வீசும்போது கழுத்தும் தோளும் இறுகும். களத்தில் கொம்பு வீசுவதும் இதே அசைவுதான். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தவிடும் தீனி. கொட்டுச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் மிரளாமல் இருக்கச் சிறிய ஊர்களின் மஞ்சுவிரட்டுக்கு முதலில் அழைத்துப் போவார்கள். ஒவ்வொரு முறை ஆளை உதறித் தள்ளும்போதும், உதறினால் ஆள் விலகுவான் என்பதைக் காளை கற்றுக்கொள்கிறது. மனிதரை ஆளாளாக அடையாளம் காணும் திறன் மாட்டுக்கு உண்டு. அதனால்தான் களத்தில் ஆளை அண்ட விடாத காளை, வீட்டில் வளர்த்த பெண்ணின் கைக்கயிற்றுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது.

இந்தப் பயிற்சியின் அருமை வடமாடு மஞ்சுவிரட்டில் தெரியும். நடுக்களத்தில் வடத்தில் கட்டிய ஒற்றைக் காளை. எதிரே ஒன்பது பேர் கொண்ட குழு. இருபது, இருபத்தைந்து நிமிட நேரம். முதல் சில நிமிடப் பாய்ச்சலுக்குப் பிறவி வேகம் போதும். கடைசி நிமிடம் வரை நின்று ஆட நீச்சலில் வளர்த்த மூச்சு வேண்டும்.

குத்துச்சண்டை உலகமும் இதே வாதத்தை நடத்தியிருக்கிறது. மைக் டைசனின் கை பலம் பிறவியிலேயே வந்தது. பதின்மூன்றாம் வயதில் அவரைச் சேர்த்துக்கொண்டு செதுக்கியவர் பயிற்சியாளர் கஸ் டமாட்டோ. 1986 நவம்பரில், இருபது வயதில், டைசன் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றார். அதற்கு ஓராண்டு முன்பே டமாட்டோ இறந்துவிட்டார். அவருடைய வழியில் பயிற்சி கொடுத்த கெவின் ரூனியையும் 1988-இல் டைசன் விலக்கினார். 1990 பிப்ரவரியில், டோக்கியோவில், யாரும் எதிர்பாராதபடி பஸ்டர் டக்ளஸிடம் தோற்றார். கைகள் அதே கைகள்தான். பின்னால் நின்ற ஆசான் இல்லை.

பழக்குவது வேறு, வெறியேற்றுவது வேறு. சாராயம் புகட்டுவதும் வாலை முறுக்குவதும் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவதும் பயிற்சி ஆகா. அவை கொடுமை, சட்டப்படி குற்றம். ஜல்லிக்கட்டுக்கு வழிசெய்த தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் ஏற்றது. விதிகளை மதித்து நடத்துவது இனி நம் பொறுப்பு.

பிறவி கொடுப்பது முதல். பழக்கம் அதைப் பெருக்குகிறது. அந்த முதலைத் தருவது கிடை மந்தை. உழவுக்கு டிராக்டரும் உரத்துக்கு மூட்டையும் வந்தபின் கிடை அமர்த்துவோர் குறைந்தார்கள். மேய்ச்சல் நிலம் மனையாகிறது. களத்தில் வென்ற காளைக்குப் பரிசு கொடுக்கும் ஊர்கள், கோடையில் தங்கள் வயலில் ஒரு கிடையும் அமர்த்தட்டும். மந்தை இருந்தால்தான் பழக்குவதற்குக் காளை இருக்கும்.