கண்ணாடி முன் நிற்கும் மகள்



பிஜித் தீவு என்றதும் அங்குள்ள கரும்புத் தோட்டங்களில் நம்மவர் சிந்திய வியர்வையும் கண்ணீருமே நம் நினைவுக்கு வரும். ஆனால் இன்று நான் கூற விழைவது அத்தீவின் பழங்குடி மக்களைப் பற்றியது. அவர்களுடைய பெண்மக்களிடம் மூன்றே ஆண்டுகளில் தோன்றிய ஒரு மாற்றம் மேலைநாட்டு மருத்துவர்களைச் சிந்திக்க வைத்தது. பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்புடைய நாமும் அதைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பிஜியின் பெருந்தீவாகிய விட்டி லெவுவில் நந்த்ரோங்கா என்னும் வட்டாரம் உண்டு. அங்கு வாழும் பழங்குடியினர் பெரும்பாலும் மெதடிஸ்டு சபையைச் சார்ந்த கிறிஸ்தவர்கள். உண்பதும் உண்பிப்பதும் அவர்களிடையே அன்பின் அடையாளம். வாசல் வழியே செல்பவரையும் "வந்து உண்ணுங்கள்" என்று அழைப்பது அவர்கள் பண்பு. பருத்த, வலுவான உடலையே அவர்கள் அழகு என்று போற்றினர். உற்றார் ஒருவரை நன்கு பேணுகின்றனர் என்பதற்கு அவ்வுடலே சான்று. ஒருவர் மெலிந்துவிட்டாலோ சுற்றமெல்லாம் கவலை கொள்ளும். பசி குன்றுவதையே ஒரு நோயாகக் கருதிப் பச்சிலை மருந்து கொடுப்பர்.

1995-ஆம் ஆண்டு அவ்வட்டாரத்திற்குத் தொலைக்காட்சி வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பெக்கர் என்னும் அம்மையார், மனநல மருத்துவமும் மானிடவியலும் கற்றவர். பிஜி மக்களின் வாழ்வை முன்னரே ஆராய்ந்தவர். தொலைக்காட்சி வந்த சில வாரங்களில் அவர் பள்ளி மாணவியர் 63 பேரிடம், உணவையும் உடலையும் பற்றி அவர்கள் என்ன எண்ணுகின்றனர் என்று வினாத்தாள் கொடுத்துக் கேட்டார். மூன்றாண்டுகள் கழித்து, 1998-இல், அதே வயதுடைய 65 மாணவியரிடம் அதே வினாக்களைக் கேட்டார். இரு முறையும் அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 17.

முதல் முறை, உணவைப் பற்றிய எண்ணங்கள் கவலைக்குரிய அளவை எட்டியிருந்தோர் நூற்றுக்கு 13 பேர். இரண்டாம் முறை 29 பேர். உடல் மெலிய வேண்டும் என்பதற்காகத் தாமே வாந்தி எடுக்கும் பழக்கம் முதல் முறை ஒருவரிடமும் இல்லை. இரண்டாம் முறையோ நூற்றுக்கு 11 பேர் அதை ஒப்புக்கொண்டனர். தாம் அளவுக்கு மீறிப் பருத்திருப்பதாகச் சில வேளையேனும் எண்ணியோர் நூற்றுக்கு 74 பேர். பாட்டிமார் எதை அழகு என்று போற்றினரோ, அதையே பேத்திமார் குறை என்று வெறுக்கத் தலைப்பட்டனர்.

இந்த ஆய்வைக் கொண்டு எல்லாப் பழியையும் தொலைக்காட்சியின் மீது சுமத்துவது நேர்மையாகாது. இரு முறையும் வினவப்பட்டோர் வெவ்வேறு பெண்கள்; தொகையும் சிறியது; அந்நாட்டில் வேறு மாறுதல்களும் அக்காலத்தில் நிகழ்ந்து வந்தன. மேலும், அப்பெண்களை வெறும் பகட்டில் மயங்கியவர் என்றும் தள்ளிவிட இயலாது. திரையில் கண்ட மெலிந்த பெண்களைப்போல் ஆனால் நல்ல வேலை கிடைக்கும், வாழ்வில் உயரலாம் என்று அவர்களுட் பலர் நம்பினர். அவர்கள் விரும்பியது புதியதொரு வாழ்வு. அதற்கு விலையாகத் தம் உடலைக் கொடுக்க முற்பட்டனர்.

"எங்கள் வீட்டில் அத்தகைய படங்களைப் பார்க்க விடுவதில்லை" என்று நிம்மதி கொள்வோர்க்கும் ஒரு செய்தி உண்டு. 2011-இல் பெக்கர் அம்மையாரும் அவருடன் பணிபுரிந்தோரும் பிஜிப் பெண்பிள்ளைகள் 523 பேரை ஆராய்ந்து மற்றுமொரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு பெண் தானே எவ்வளவு பார்க்கிறாள் என்பதோடு, அவளுடைய தோழியர் எவ்வளவு பார்க்கின்றனர் என்பதும் அவள் உணவுப் பழக்கத்தோடு தொடர்புடையதாய் இருந்தது. திரை நம் வீட்டில் இல்லாவிடினும் அதன் பேச்சு வீட்டிற்குள் வந்துவிடுகிறது. இன்று அத்திரையே கைப்பேசியாகப் பிள்ளைகளின் உள்ளங்கையில் இருக்கின்றது என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

பிடிவாதமா, நோயா?

மெலிய வேண்டும் என்னும் ஏக்கம் பலர்க்கு வந்து மறையும். சிலரிடத்திலோ அது நோயாக முற்றிவிடும். 1870-களில் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் என்பவர் அதற்கு "அனொரெக்சியா நெர்வோசா" என்று பெயரிட்டார். பசியின்மை என்பது அப்பெயரின் பொருள். ஆயினும் பலர் பசியை உணர்ந்துகொண்டே உணவை மறுக்கின்றனர். எலும்பும் தோலுமான பின்னரும் கண்ணாடியில் தம்மைப் பருத்தவராகவே காண்கின்றனர். மனநோய்களுள் உயிரைப் பறிப்பதில் இது முன்வரிசையில் நிற்பது. ஆண்பிள்ளைகளுக்கும் இது வருவதுண்டு.

இத்தகைய மகளைக் காணும் பெற்றோர், "என்ன பிடிவாதம்! என்ன கோபம்!" என்று மனம் வெதும்புவர். அவர்கள் அறிய வேண்டிய ஓர் ஆராய்ச்சி உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர், நல்ல உடல்நலமும் மனநலமும் வாய்ந்த இளைஞர் 36 பேரை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் மனச்சான்றின் பொருட்டுப் போரிட மறுத்தவர்கள். ஐரோப்பாவில் பட்டினியால் வாடுவோர்க்கு உதவும் என்று கருதித் தாமே முன்வந்தவர்கள். அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். அதுவரை சாந்தமாயிருந்தவர்கள் சினம் கொண்டனர், சோர்ந்தனர், தனிமையை நாடினர். சமையல் நூல்களைப் படித்துக்கொண்டும் உணவைப் பற்றியே கனவு கண்டுகொண்டும் நாளைக் கழித்தனர். பட்டினி உடலை மட்டுமன்று, உள்ளத்தையும் உருக்குலைக்கிறது என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர். ஆகவே, உண்ண மறுக்கும் பெண்ணிடம் நாம் காணும் எரிச்சலிலும் பிடிவாதத்திலும் ஒரு பகுதி பட்டினியின் விளைவே. அவள் குணம் கெட்டுவிட்டதென்று முடிவு கட்டிவிடலாகாது.

குடும்பமே மருந்து

பெயரிட்ட மருத்துவராகிய கல், நோயாளியைப் பேணுவதற்கு உறவினரே மிகவும் தகுதியற்றவர் என்று கருதினார். நெடுங்காலம் மருத்துவ உலகும் அவ்வாறே எண்ணியது. பிள்ளையைக் குடும்பத்தினின்று பிரித்து வைத்தே மருத்துவம் செய்தது. பெற்றோரே நோய்க்குக் காரணம் என்றும் பலர் குற்றம் சாட்டினர்.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் குழு 1987-இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை அசைத்தது. 19 வயதிற்குள் நோயுற்று, நோய் மூன்றாண்டுகளைக் கடவாத பிள்ளைகளுக்குத் தனித்து அளித்த ஆலோசனையைவிடக் குடும்பத்தோடு சேர்த்து அளித்த ஆலோசனையே நற்பயன் தந்தது. அதிலிருந்து வளர்ந்த முறை இன்று பல நாடுகளில் கையாளப்படுகிறது. அதன் அடிப்படைகள் எளியவை. பெற்றோரைக் குற்றவாளிகளாக்கலாகாது. பிள்ளை வேறு, நோய் வேறு என்று பிரித்துக் காண வேண்டும். நோயைக் கடிந்துகொள்ளலாம், பிள்ளையைக் கடியலாகாது. அவள் தானே உண்ணும் வலிமை பெறும்வரை, ஒவ்வொரு வேளையும் பெற்றோர் அருகிலிருந்து பொறுமையோடும் உறுதியோடும் உண்பிக்க வேண்டும். இவையனைத்தும் மருத்துவரின் மேற்பார்வையில் நடைபெற வேண்டியவை.

அன்போடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதன் அருமையைத் திருப்பலிப் பீடத்தைச் சுற்றி நிற்கும் நமக்கு வேறொருவர் எடுத்துரைக்க வேண்டுமோ?

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, நம் நாவைக் காப்போம். "குண்டு", "ஒல்லிக்குச்சி", "கறுப்பி" என்று செல்லமாக அழைப்பதாக நாம் எண்ணுகிறோம். கேட்கும் பிள்ளையோ அதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்கிறது. இதில் நானும் குற்றவாளியே. ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கையில், "என்னம்மா, பருத்துவிட்டாயே!" என்று நகையாடியவன் நான். சுற்றி நின்றோர் சிரித்தனர், அப்பெண் சிரிக்கவில்லை. அவள் முகம் வாடியதை அன்று கண்டும் காணாதவனாய் இருந்தேன். இப்போது பிள்ளைகளைக் காணும்போது அவர்கள் உருவத்தைப் பற்றி நான் பேசுவதில்லை.

இரண்டாவதாக, தாய்மார் தம் உடலைத் தாமே இகழ்ந்து பேசுவதைத் தவிர்க்க வேண்டும். கண்ணாடி முன் தாய் பெருமூச்சு விட்டால், மகளும் விடக் கற்றுக்கொள்வாள்.

மூன்றாவதாக, தவக்காலத்தில் விழிப்பாயிருங்கள். ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்க்கே உரியது; சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்க்கு. நோயுற்றோர்க்கு ஒருசந்தி கடமையன்று. 15 வயதுப் பெண் நாள்தோறும் ஒருசந்தி இருக்கிறாள் என்றால், பக்தியென்று மகிழுமுன் அவள் உள்ளத்தை அன்போடு வினவுங்கள். நாம் ஒறுத்தல் செய்வது இறைவனையும் ஏழையையும் நினைந்து, உடலை வெறுத்தன்று. அவ்வுடலைப் பவுலடியார் தூய ஆவியின் ஆலயம் என்றார். உடலை வழிபடுவதும் தவறு, உடலை வெறுப்பதும் தவறு என்பதே திருச்சபையின் போதனை.

நான்காவதாக, அறிகுறிகளைக் காணத் தவறாதீர்கள். குடும்பத்தோடு உண்ண மறுத்தல், உண்டவுடன் குளியலறைக்குச் சென்று கதவடைத்தல், விரைவாக எடை குறைதல், மாதவிலக்கு நின்றுபோதல், மயக்கம், எப்போதும் குளிரெடுத்தல் – இவற்றைக் கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். "ஊரார் என்ன சொல்வர்?" என்னும் அச்சத்திற்கு ஒரு பிள்ளையின் உயிரைப் பலியிடலாகாது. பங்குத் தந்தையிடம் வாருங்கள். உங்களோடு சேர்ந்து செபிப்பேன். ஆனால் மருத்துவர் செய்ய வேண்டியதை நான் செய்ய இயலாது. "செபித்தால் போதும்" என்று உங்களைத் திருப்பி அனுப்பவும் மாட்டேன்.

கண்ணாடி முன் நிற்கும் உங்கள் மகள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். "நான் நேசிக்கத்தக்கவள்தானா?" என்பதே அக்கேள்வி. அதற்குத் திரை ஒரு விடை கூறும். தெரு ஒரு விடை கூறும். அவற்றிற்கு முன்னரே உங்கள் விடை அவள் செவியில் விழட்டும். இன்றிரவு அவளை அழைத்து அருகில் அமர்த்தி, உங்கள் கையாலேயே ஒரு கவளம் ஊட்டுங்கள்.