கலங்கரை விளக்கமும் வானும்

யாழ்ப்பாணத்து வடகரையிலே, வல்வெட்டித்துறைக்கு மேற்கே அமைந்த ஊர் தொண்டைமானாறு. பெயரில் ஆறு இருப்பினும், இது மலையிற் பிறந்த ஆறன்று. கடலோடு கலக்கும் நீரேரியேயாகும். முதற் குலோத்துங்க சோழனின் தளபதி கருணாகரத் தொண்டைமான், கரணவாய்ப் பக்கத்து உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்லும்பொருட்டு இதனை வெட்டி ஆழமாக்கினான் என்பது மரபுவழிச் செய்தி. கலத்துக்கு வழி வெட்டியதே ஊருக்குப் பெயராயிற்று எனலாம்.

அத்தேவை இக்கரையில் இன்றும் ஓயவில்லை. ஏன் என்று நேயர்கள் வினவலாம். வடகரையின் பல இடங்களிலே, கரையை அடுத்துச் சுண்ணப்பாறையும் முருகைக்கற் பாரும் நீருள் மறைந்து கிடக்கின்றன. அப்பாரை ஊடறுத்துப் படகு வந்துபோகும் ஒடுங்கிய வாய்க்காலைக் கடற்றொழிலாளர் 'வான்' என்பர். வானைவிட்டு விலகிய வள்ளம் பாரில் மோதி உடையும்.

கலங்கரை விளக்கம் இருக்க அச்சம் ஏன் எனலாம். கிழக்கே ஏறக்குறைய 12 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பருத்தித்துறையில், வெளிச்சவீடு என மக்கள் வழங்கும் விளக்கம் 1916ஆம் ஆண்டில் எழுந்தது. உயரம் 32 மீற்றர். பூமி உருண்டையாதலின், ஒளி எட்டும் எல்லையை உயரமே பெரிதும் வரையறுக்கும். அத்துணை உயரத்து ஒளியைக் கட்டுமரத்தில் அமர்ந்திருப்பவன் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வரை காண இயலும். கப்பலின் மேற்றளத்தில் நிற்பவனுக்கோ அது இன்னும் தொலைவிலேயே தோன்றும்.

ஆயினும், அவ்வொளி 'கரை இங்கே' என்று அறிவிக்குமேயன்றி, 'இவ்வழியே நுழை' என்று கூறாது. வாடைக்காற்றுக் காலத்தில், பாரின்மேல் அலை உடைந்து நுரைக்கையில், வானின் வாய் கண்ணுக்குப் புலப்படுவதரிது. கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை, பனையோ கட்டடமோ, ஒரே நேர்கோட்டில் வரக்கண்டு கலத்தைச் செலுத்துதல் உலகெங்கும் கடலோடிகள் கையாளும் முறை. இரவிலே இரு விளக்குகள் அப்பணியைச் செய்யும்.

போர்க்காலத்தில் தடைகளாலும் இடப்பெயர்வாலும் இக்கரையோரத் தொழில் நலிந்தது. 2009க்குப் பின் மீண்டும் கடலேறுவோர் பலர், வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகளையே செலுத்துகின்றனர். கட்டுமரம் மிதக்கும் ஆழம் அவற்றுக்குப் போதாது. நீருள் தாழ்ந்து சுழலும் விசிறி கல்லில் பட்டால் படகு அலையின் கையில் அகப்படும். எனவே, மணலும் கல்லும் தூர்த்த வானைத் தோண்டி, அதன் இருமருங்கும் அடையாளமிடுதல் சிறு தொழிலாளரின் உயிரைக் காக்கும் பணியாகும். தொலைவிலிருந்து கரையைக் காட்டுவது விளக்கம். கரையிற் சேர்ப்பது வான்.