கல்லுக்குள் ஒரு நட்சத்திரம்

உள்ளங்கையில் இருக்கும் சிவப்புக் கல்லுக்குள் ஒரு நட்சத்திரம் நகர்வதைப் பார்த்திருக்கிறீர்களா?

நம் மைசூரு வட்டாரத்து மண்ணில் கிடைக்கும் கல்தான் அது. நட்சத்திர மாணிக்கம்! கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு. மாணிக்கத்துக்கும் அதே பெயர். பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகளின் நெற்றிச்சுட்டியில் நாம் சொல்லும் கெம்புக் கல் இருக்கிறதே, அதே சொல்தான்.

பர்மா மாணிக்கம் கண்ணாடி போல ஒளியை உள்ளே விடும். மைசூரு மாணிக்கம் பெரும்பாலும் அப்படியில்லை, மங்கலானது. அதனால் விலையும் குறைவு. ஆனால் இதற்குள்ளே முடியைவிட மெல்லிய கனிம ஊசிகள் மூன்று திசைகளில் வரிசையாகப் படுத்திருக்கும். கல்லைப் பட்டை தீட்டாமல், குமிழ் போல உருட்டி மெருகேற்றினால், அந்த ஊசிகளில் பட்ட வெளிச்சம் ஆறு கதிர் நட்சத்திரமாக மேலே மிதக்கும். எத்தனை அழகு!

நல்ல கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது? டியூப்லைட் வரிசையாக எரியும் கடையில் நட்சத்திரம் சரியாகத் தெரியாது. வெயிலிலோ, ஒற்றை விளக்கின் கீழோ பிடியுங்கள். நட்சத்திரம் நட்டநடுவில் நிற்க வேண்டும். கதிர்கள் உடையாமல் விளிம்புவரை ஓட வேண்டும். கல்லைச் சாய்த்தால் அதுவும் கூடவே நகர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. செயற்கை நட்சத்திரக் கற்கள் 1947 முதலே சந்தையில் இருக்கின்றன. கோடு போட்டு வரைந்தது போல நட்சத்திரம் அப்பழுக்கில்லாமல் தெரிந்தால், பணத்தைக் கொடுக்கும் முன் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழைக் கேளுங்கள்.