ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றவரைத் தெரியுமா?

187 மணித்தியாலம் 28 நிமிடம் ஒரு மனிதர் ஓயாமல் சைக்கிள் ஓட்டினார், தெரியுமா? ஏழு நாள் கடந்து எட்டாவது நாளும் ஓடிற்று அந்தச் சைக்கிள்! 1979 மே மாதம், கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றிச் சுற்றி. ஓட்டியவர் ஒரு சட்டத்தரணி என்றால் நம்புவீர்களா? வல்வெட்டித்துறைக்காரர். வி. எஸ். குமார் ஆனந்தன். ஊருக்கு அவர் ஆழிக்குமரன்.

அதோடு விட்டாரா! கொழும்புச் சுதந்திர சதுக்கத்தில் ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். குத்துப்பந்தை 136 மணித்தியாலம் குத்தினார். 1981 இல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில், தரையில் கால் படாமல், நின்ற நிலையில் 80 மணித்தியாலம் மிதந்தார். மூன்று பகல், மூன்று இரவு, அதற்கு மேலும் எட்டு மணித்தியாலம்! கின்னஸ் புத்தகம் அவர் பெயரைத் திரும்பத் திரும்ப அச்சிட்டது.

ஆனால் என் நெஞ்சை அள்ளுவது 1971 தான். பாக்குநீரிணையை நீந்திப் போய், நீந்தியே திரும்பி வந்தார். 51 மணித்தியாலம்! உப்புநீர் உடம்பை அரிக்கும், நீரோட்டம் திசை மாற்றி இழுக்கும், நித்திரை கண்ணை அமுக்கும். அக்கரையைத் தொட்ட ஒருவருக்கு மறுபடி கடலுக்குள் இறங்க எப்படி மனம் வந்தது? அந்தத் துணிவுக்கு அயலிலேயே ஒரு முன்னோடி உண்டு. தொண்டைமானாற்று மு. நவரத்தினசாமி 1954 இலேயே இந்த நீரிணையை நீந்திக் கடந்துவிட்டார்! ஆனந்தனை ஆங்கிலக் கால்வாய் கொண்டுபோனது, 1984 ஓகஸ்டில், நீந்திக்கொண்டிருக்கும்போதே.

கடலை விட்டு இணுவிலுக்கு வாருங்கள். 1933 இல் அங்கே பிறந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத் தெரியுமா? தகப்பன் விசுவலிங்கமும் தவில்காரர். மகன் நாச்சியார்கோவில் இராகவபிள்ளையிடம் பயின்று, அளவெட்டியில் குடியமர்ந்தார். ஒரு கை விரல்களில் கெட்டியான கூடுகள், மறு கையில் கழி. இவ்வளவுதான் ஆயுதம்! இதை வைத்துக்கொண்டு அவர் கோயில் வீதியில் வாசிக்கும் மேளச்சமாவுக்காகச் சனம் விடிய விடியக் காத்திருந்தது. தமிழகத்து நாதஸ்வர மேதைகளும் அவரைத் தேடி அழைத்தார்கள். 1975 இல் மறைந்தார். ஆனந்தனும் சரி, இவரும் சரி, 42 வயதைத் தொடவேயில்லை!

இன்னொன்று கேளுங்கள். அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம் ஒன்று இந்தத் தவிலின் கதையைச் சொல்கிறது. அது 2015 ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசிய திரைப்பட விருதுகளில் சிறந்த கலை, பண்பாட்டுப் படமாகத் தேர்வானது. இணுவில் பிள்ளைக்கு, மறைந்து நாற்பது ஆண்டு கழித்து, இந்தியாவின் விருது! அந்தப் படம் இல்லையென்றால் இன்றைய இளந்தவில்காரர் பலருக்கு அவர் வெறும் பெயராகவே நின்றிருப்பார்.

காங்கேசன்துறையில் ‘நடிகமணி’ வி. வி. வைரமுத்து என்றொருவர் இருந்தார். அவருடைய வசந்தகான சபா ‘மயான காண்டம்’ நாடகத்தை மூவாயிரம் தடவைக்கு மேல் மேடையேற்றியது என்பார்கள். சுடலை காக்கும் அரிச்சந்திரனாக அவர் நின்று பாடினால் கூட்டம் எழும்பாது! 1989 இல் காலமானார். அந்தப் பாட்டைக் கோயில் வீதி மணலில் இருந்து கேட்டவர்கள் தெல்லிப்பழைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், எல்லாருக்கும் வயது போய்விட்டது. கமெராவோடு அவர்கள் முற்றத்துக்குப் போக வேண்டிய நேரம் இதுதான்!