பழைய ஓசூரைக் காட்டும் பட்டியல்

தொழிற்கூடங்கள் நிறைந்த இன்றைய ஓசூர், இருநூறு ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது தெரியுமா?

1792-ல் மைசூர்ப் போர் ஓய்ந்ததும், ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும், அவருடைய உடன்பிறந்தவர் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து தெற்கே பயணம் புறப்பட்டார்கள். வழியில் ஓசூர்ப் பக்கத்து மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். செப்புத்தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிட்டு, வண்ணம் தீட்டிய அவர்களின் 144 படங்கள், 1795 முதல் 1808 வரை ‘ஓரியண்டல் சீனரி’ என்ற தொகுதிகளாக வெளிவந்தன. அந்தப் படங்களை விளக்கங்களோடு தொகுத்தவர், லண்டன் இந்தியா ஆபீஸ் நூலகத்தில் பணியாற்றிய மில்ட்ரெட் ஆர்ச்சர். அவருடைய நூல் 1980-ல் வந்தது.

அந்நூலின் பட்டியலில் உள்ள படத் தலைப்புகளைக் கவனியுங்கள்: ராயக்கோட்டை ‘பாராமகாலில்’ இருக்கிறது, ஓசூரோ ‘மைசூரில்’ இருக்கிறது! போரை முடித்த 1792 உடன்படிக்கையில் பாராமகால் பகுதி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வசம் போனது. ஆனால் ஓசூர் 1799 வரை மைசூரை ஆண்ட திப்பு சுல்தானிடமே இருந்தது. ஓவியப் பட்டியலின் இரண்டே வரிகள் நம் எல்லையின் வரலாற்றையும் சொல்லிவிடுகின்றன. நூலகங்களில் இத்தகைய பட்டியல்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் ஊரும் அதில் இருக்கலாம்.