வேரை மாற்ற மறுத்த தோட்டம்

பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்தில் வோன்-ரொமானே என்றொரு சிற்றூர். உலகின் மிக விலை உயர்ந்த ஒயின்களில் ஒன்று அங்கே நாலரை ஏக்கர்கூட நிறையாத ஒரு திராட்சைத் தோட்டத்தில் விளைகிறது. பெயர் ரொமானே-கோந்தி. 1760-இல் கோந்தி இளவரசர் வாங்கிய நிலம். பிரெஞ்சுப் புரட்சியில் பறிமுதலாகி ஏலம் போனது. 1869-இல் துவோ-பிளோஷே என்ற ஒயின் வியாபாரியின் கைக்கு வந்தது. அவர் வழிவந்த வில்லேன் குடும்பத்துக்கு இன்று பாதி. 1942-இல் நுழைந்த லெருவா குடும்பத்தாருக்கு மீதிப் பாதி. பிள்ளைகளுக்குச் சமபங்கு என்ற நெப்போலியன் சட்டத்தால் பர்கண்டி நிலங்கள் துண்டு துண்டாகியிருக்கின்றன. ரொமானே-கோந்தியிலோ நிலம் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. வாரிசுகளுக்குப் பிரிவது பங்குகள் மட்டுமே.

சொத்துக் கதையைவிட வேர்க்கதைதான் சுவையானது. 1860-களில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி அமெரிக்காவிலிருந்து பிரான்ஸுக்குள் வந்தது. அசுவினிக்கு உறவு, ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். வேரில் சாறு உறிஞ்சும்; கடித்த இடம் முடிச்சாக வீங்கும்; பூஞ்சை புகுந்து வேர் அழுகும். செத்த கொடியைத் தோண்டியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பூச்சிதான் அதற்குள் பக்கத்துக் கொடிக்குப் போயிருக்குமே! 1868-இல் தாவரவியலாளர் பிளான்ஷோனும் உடனிருந்தவர்களும் உயிருள்ள கொடியின் வேரைப் பார்த்தபோதுதான் ஆள் பிடிபட்டது.

அமெரிக்கக் கொடிகளின் வேர் இந்தக் கடியைத் தாங்கும். அதன்மேல் பிரெஞ்சுக் குச்சியை ஒட்டுக் கட்டினால் போதும். பழம் குச்சியின் குணத்தில்தான் வரும். ஒட்டு மாங்கன்று வளர்த்தவர்களுக்குப் புரியும். பிரான்ஸின் பெரும்பகுதி இதற்கு மாறியது. ரொமானே-கோந்திக்காரர்களோ பிடிவாதமாக, கொடியை மண்ணில் வளைத்துப் பழையபடி பதியன் போட்டுவந்தார்கள். பூச்சிக்கு மருந்தாகக் கார்பன் டைசல்ஃபைடை மண்ணுக்குள் செலுத்தினார்கள். எளிதில் தீப்பற்றும் திரவம் அது. அளவு மிஞ்சினால் கொடியே கருகும்.

இரண்டாம் உலகப் போரில் மருந்துக்கும் ஆளுக்கும் பஞ்சம். 1945 அறுவடையில் தேறியது சுமார் 600 பாட்டில். அதோடு கொடிகளைப் பிடுங்கினார்கள். 1947-இல், தங்களுடைய இன்னொரு தோட்டமான லா தாஷிலிருந்து எடுத்த குச்சிகளை ஒட்டுக் கட்டி நட்டார்கள். அடுத்த ஒயின் 1952-இல்தான்.

அந்த 1945 பாட்டில் ஒன்று 2018-இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. அது நாக்குக்குக் கொடுத்த விலை என்று நான் நம்பவில்லை. இனி கிடைக்காது என்பதற்குக் கொடுத்த விலை. 1952 முதல் வந்தவை எல்லாம் ஒட்டுக்கொடி ஒயின்தான். அவற்றை வாங்கவும் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.