காதில் விழும் சிரிப்பு

வாட்ஸாப் குழுவில் ஒரு ஜோக் வருகிறது. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் அந்த மஞ்சள் முகத்தை ஏழெட்டு முறை தட்டிவிடுகிறோம். அதே குழுவில் பார்வையற்ற நண்பர் ஒருவர் இருந்தால், அவர் போனுக்குள் அந்த நொடியில் என்ன நடக்கும்? வாருங்கள், காதை ஒட்டிவைத்துக் கேட்போம்!

"ஃபேஸ் வித் டியர்ஸ் ஆஃப் ஜாய்." மறுபடியும் "ஃபேஸ் வித் டியர்ஸ் ஆஃப் ஜாய்." ரயில் நிலைய அறிவிப்பைப் போல ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள்களில் சில இரக்கப்பட்டு, எத்தனை முகம் என்று எண்ணி ஒரே வரியில் சொல்லிவிடும். சில, அத்தனையையும் ஒப்பித்துத்தான் ஓயும்.

ஒவ்வொரு எமோஜிக்கும் யூனிகோட் அமைப்பு ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஸ்கிரீன் ரீடர் வாய்விட்டுச் சொல்வது அந்த மாதிரிப் பெயரைத்தான். கட்டைவிரலுக்குத் தோல் நிறம் மாற்றினீர்களா? நிறமும் சேர்ந்து ஒலிக்கும். விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் டிஸ்பிளேயில் இன்னும் வேடிக்கை. அந்தச் சிரிப்பு முகத்தின் ஆங்கிலப் பெயரை இடைவெளியோடு எண்ணினால் 22 எழுத்து. 40 கட்டம் உள்ள கருவியில் பாதி வரிக்கு மேல் ஒரே ஒரு சிரிப்பு!

எமோஜிக்கு முந்தைய கதை இதைவிடச் சுவையானது. 1982 செப்டம்பர் 19 அன்று, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிஞர், வேடிக்கையாகச் சொன்னதை வேடிக்கை என்று காட்ட முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் அடுக்கிச் சிரிக்கச் சொன்னார். தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் அது முகம். காதுக்கு ஏது சாய்வு? ஸ்கிரீன் ரீடர் நிறுத்தற்குறிகளை எந்த அளவுக்கு வாசிக்க வேண்டும் என்பதைப் பயனரே முடிவு செய்யலாம். எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னால் "கோலன், டேஷ், ரைட் பேரன்" என்று கொட்டும். குறைத்து வைத்தாலோ, சிரிப்பே காணாமல் போய்விடும். "நீயெல்லாம் ஒரு ஆளா" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சிரிப்பைப் போட்டிருப்பீர்கள். போய்ச் சேர்ந்தது வெறும் திட்டு! எனக்கு இந்த இடம் நினைத்து நினைத்து வியப்பாக இருக்கிறது.

ஆங்கிலப் பெரிய எழுத்தில் கத்தினாலும் இதே கதிதான். தொடர்ச்சியாக வாசிக்கும்போது பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் பெரும்பாலும் ஒரே குரல். உங்கள் கூச்சல் அங்கே சாதாரணப் பேச்சு.

அப்படியானால் பார்வையற்றவர்கள் எழுதும்போது உணர்ச்சி எங்கே போய் உட்காரும்? எமோஜியை ஒதுக்கிவிடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். விண்டோஸில் எமோஜிப் பட்டியலைத் திறந்து பெயரைத் தட்டச்சு செய்தால் முகம் வந்து நிற்கும். 2014 முதல் ஐபோன் திரையிலேயே விரல்களைப் பரப்பி பிரெய்லில் எழுதலாம். ஆனால் காதால் படிப்பவர் காதுக்காக எழுதும்போது இருக்கிற ருசியே தனி. "ஹாஹாஹா" என்று எழுதினால் இயந்திரக் குரலும் கொஞ்சம் சிரித்துத்தான் ஆக வேண்டும்! இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே "பெருமூச்சு" என்று எழுதினால் அது நாடக வசனத்தின் ஓரக்குறிப்பு. பழைய மின்னஞ்சல் காலத்துப் பழக்கம் இது. எந்தக் குரலில் வாசித்தாலும் பொருள் சிந்தாது.

இங்கேதான் தமிழுக்குக் கொண்டாட்டம். ச்சே, அடடே, ஐயய்யோ, ம்க்கும்... நம் கோபமும் சலிப்பும் கொஞ்சலும் ஏற்கெனவே ஒலியாகத்தான் இருக்கின்றன. "ஐயோஓஓ" என்று நீட்டி எழுதுகிறோமே, இலக்கணக்காரர்கள் அதற்கு அளபெடை என்று எப்போதோ இடம் கொடுத்துவிட்டார்கள். "வாடா", "வாயேன்", "வாங்களேன்": மூன்றுக்கும் மூன்று முகம் வேண்டுமா என்ன? ஆனால் இதையே ஆங்கில எழுத்தில் தட்டினால், ஆங்கிலக் குரல் நம் "டேய்"யைக் கடித்துக் குதறிவிடும். தமிழைத் தமிழ் எழுத்தில் எழுத இதைவிட இனிய காரணம் எனக்குத் தோன்றவில்லை.

குரலே மாறினால் எப்படி இருக்கும் என்று யோசித்தவர் ஒருவர் உண்டு. புனேயில் பிறந்த டி. வி. ராமன், சிறுவயதில் பார்வை இழந்த கணினி அறிஞர். 1990-களில் அவர் எழுதிய ஈமேக்ஸ்பீக் மென்பொருள், கண்ணுக்கு எழுத்துரு மாறுகிற இடத்தில் காதுக்குக் குரலை மாற்றிக் கொடுத்தது. கூடவே குட்டிக் குட்டி ஒலிகள் வேறு!

கடைசியாக, எனக்கு மிகப் பிடித்த மூலை. என்.வி.டி.ஏ. என்ற இலவச ஸ்கிரீன் ரீடரை 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் தொடங்கினார். நண்பர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். என்.வி.டி.ஏ.வுக்குள் உச்சரிப்பு அகராதி ஒன்று ஒளிந்திருக்கிறது. எந்தச் சொல்லை, எந்த எமோஜியை எப்படி ஒலிக்க வேண்டும் என்று பயனரே எழுதி வைக்கலாம். கூப்பிய கைகளுக்கு "கும்பிடறேன் சாமி", சிவந்த கோப முகத்துக்கு "உர்ர்ர்". யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சேமித்ததும் அடுத்த செய்தியிலிருந்தே உறுமத் தொடங்கிவிடும்!